அரித்துப்போன தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு நெகிழ்பை: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

பழைய பாய்மரப் படகில் நன்னீர்த் தொட்டி ஓட்டையாகிவிட்டால், அதை முழுதாக வெளியே எடுக்க வழியில்லை என்பதுதான் பெரும்பாலும் முதலில் தெரியவரும். 1970களிலும் 1980களிலும் கண்ணாடியிழையால் கட்டப்பட்ட படகுகள் பலவற்றில், மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன்பே தொட்டியை உள்ளே இறக்கிவிட்டு, அதன் மேல் இருக்கைகளையும் தடுப்புப் பலகைகளையும் கட்டி முடித்திருப்பார்கள். பின்னாளில் யாராவது இதைக் கழற்ற நேரும் என்ற எண்ணம் கட்டியவர்களுக்கு இருந்ததாகவே தெரியாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக விற்கப்படும் பொருள்களில் ஒன்று, துணியாலும் நெகிழ்மத்தாலும் ஆன தண்ணீர்ப் பை. அரித்துப்போன ஓர் அலுமினியத் தொட்டியின் மேல்தகட்டை வெட்டியெடுத்துவிட்டு, எஞ்சிய கூட்டுக்குள் அப்படியொரு பையை வைத்துப் பயன்படுத்திவருவதன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பிளாஸ்டிமோ, வீட்டஸ், நௌட்டா போன்ற நிறுவனங்கள் இவ்வகைப் பைகளை வெவ்வேறு வடிவங்களில் விற்கின்றன. என்னிடம் இருப்பது எவருடையது என்பதை இங்கே குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைக்கே உரியவை. பை நல்ல பொருள்தான். ஆனால் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பையைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பெட்டியே தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

தொட்டி ஏன் அரித்தது என்பது தெரியாமல் மாற்று வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அலுமினியம் தன் மேல் தானே உருவாக்கிக்கொள்ளும் மெல்லிய ஆக்சைடு படலத்தால்தான் காக்கப்படுகிறது; நீரின் அமில காரத்தன்மை (pH) ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை அந்தப் படலம் நிலைத்திருக்கும். குளோரைடு கலந்த நீர் பல வாரங்கள் அசையாமல் தேங்கினால், படலம் எங்கோ ஒரு புள்ளியில் உடைந்து, அந்தப் புள்ளியிலேயே குழி விழத் தொடங்கும். சுற்றிலும் தகடு புத்தம்புதிதுபோல் இருக்க, குண்டூசித் தலை அளவான குழி மட்டும் கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். பித்தளை அல்லது வெண்கல இணைப்புகளை அலுமினியத்தில் நேரடியாகத் திருகியிருந்தாலும், தாமிரக் குழாய்களிலிருந்து நுண்ணிய அளவில் கரைந்துவரும் தாமிரம் தகட்டில் படிந்தாலும் இது இன்னும் விரைவாக நடக்கும். தொட்டியின் அடியில் வெண்மையான குழம்போ மாவோ படிந்திருந்தால் அது பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு. பம்புக்கு முன்னுள்ள வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்வதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

ஆனால் நான் வெட்டியெடுத்த தொட்டியில் மோசமான சேதம் உள்ளிருந்து வரவில்லை. தொட்டி ஆடாமல் இருக்கவும் சத்தம் போடாமல் இருக்கவும், கட்டியவர்கள் அதன் அடியில் கம்பளத் துண்டுகளை வைத்திருந்தார்கள். படகின் அடியில் கசிவுநீர் சேரும், பில்ஜ் எனப்படும் அடிக்குழியின் ஈரத்தையும், மேலிருந்து கசிந்து வந்த உப்புநீரையும் அந்தக் கம்பளம் உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் தகட்டோடு ஒட்டவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றுப் படாத ஈரத்தில் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. கம்பளம் இருந்த இடங்களில் மட்டும் தகடு விரலால் அழுத்தினாலே பொடியும் அளவுக்கு மெலிந்திருந்தது. கம்பளம் இல்லாத இடங்களில் தகட்டை உருட்டித் தயாரித்தபோது விழுந்த தடங்கள்கூட அழியாமல் இருந்தன. தகட்டின் மேல் கம்பளத்தின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்ததைப் பார்த்தபோது, தொட்டியைக் கொன்றது எது என்பதில் ஐயமே எழவில்லை.

துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே பலவீனம் பெரும்பாலும் வெல்டிங் செய்த ஓரங்களில் இருக்கும். எஃகு 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் நீண்டநேரம் இருக்கும்போது, அதிலுள்ள கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து, உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் படிந்துவிடும். குரோமியம் குறைந்த அந்தக் கோடு வழியாகவே பின்னர் அரிப்பு நடக்கும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத 304எல், 316எல் வகைகளில் இந்த ஆபத்து குறைவு. 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் பழைய படகில் எந்த வகைத் தகடு போட்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது.

எதையும் வெட்டுவதற்கு முன், கசிவது தொட்டிதானா என்பதை உறுதிசெய்வது அவசியம். இதற்குப் பம்பே நல்ல சாட்சி. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தப் பம்பு அவ்வப்போது தானாகவே ஓடி நின்றால், கசிவு பம்புக்கு அப்பால் ஏதோ ஓர் இணைப்பில் இருக்கிறது. பம்பு அசையாமல் இருக்க, தொட்டி மட்டும் காலியானால், தொட்டியையோ அதிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸையோ சந்தேகிக்கலாம். உணவில் சேர்க்கும் வண்ணத்தைத் தொட்டிநீரில் கலந்துவிட்டு அடிக்குழியில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. நீர் ஒரு மட்டம்வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது என்று பொருள். கைப்பேசியோடு இணைக்கும் மலிவான எண்டாஸ்கோப் கேமராவைத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பதும் உதவும். ஆனால் ஈரமான அலுமினியத்தின் பளபளப்பில் குழியையும் நீர்த்துளியையும் பிரித்தறிவது கடினம்.

பைக்கு வருவதற்கு முன், மற்ற வழிகளை ஏன் ஒதுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையைச் சுற்றி வெல்டிங் செய்து ஒட்டுப்போடுவது கேட்க எளிது. ஆனால் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள தகடும் மெலிந்தே இருக்கும் என்பதால் வெல்டிங் சூட்டில் ஓட்டை பெரிதாகுமே தவிர அடைபடாது. தவிரவும், கண்ணாடியிழை உடலுக்குச் சில அங்குல தூரத்தில் வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது.

எபாக்ஸிப் பூச்சு இன்னும் கவர்ச்சியான வழி. குடிநீரைத் தொடும் பூச்சுகளுக்கான என்எஸ்எஃப் 61 தரச் சான்று பெற்ற பொருள்கள் உள்ளன. ஆனால் அந்தச் சான்று வெறும் பெயரளவில் தரப்படுவதில்லை. எத்தனை தடிமனுக்கு, எந்த வெப்பத்தில் எத்தனை நாள் காய்ந்த பிறகு, குறைந்தது எவ்வளவு கொள்ளளவு உள்ள தொட்டிக்கு என்பதையெல்லாம் சேர்த்தே அது வழங்கப்படுகிறது. சிறிய தொட்டியில் நீரின் அளவோடு ஒப்பிடும்போது சுவரின் பரப்பு மிக அதிகம். அதனால் ஊருக்கு நீர் வழங்கும் பெரிய தொட்டிக்குச் சான்று பெற்ற பூச்சைப் படகுத் தொட்டியில் பூசுவது அந்தச் சான்றின் எல்லைக்குள் வராமலே போகலாம். டப்பாவின் மேல் உள்ள முத்திரையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இதற்கு மேல், எபாக்ஸி ஒட்ட வேண்டுமானால் உட்புறம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்து, அலுமினியம் மறுபடி ஆக்சைடு போர்த்திக்கொள்வதற்குள் பூச வேண்டும். நீர் அலையடிக்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து அறைகளாகப் பிரித்த தொட்டியில், ஒவ்வோர் அறைக்கும் கை நுழையும் திறப்பு இல்லாமல் இது நடவாது. வெளியிலிருந்து அரித்த தொட்டிக்கு உள்ளே பூசுவதில் பொருளும் இல்லை.

பாலிஎத்திலீனில் வார்த்த கெட்டியான புதுத் தொட்டிதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பதை மறுக்கமாட்டேன். அரிக்காது, உள்ளே கைவிட்டுக் கழுவலாம், பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அது அறைக்குள் இறங்கும் வாயில் வழியாக நுழைந்து, இருக்கைக்கு அடியில் உள்ள திறப்பு வழியாகவும் இறங்க வேண்டும். பல படகுகளில் இரண்டு சிறிய தொட்டிகளைப் போட்டுத்தான் இதைச் சமாளிக்க முடியும். அப்படிச் செய்தால் ஒன்றில் நீர் கெட்டாலும் மற்றொன்று தப்பும் என்பது கூடுதல் நன்மை. என் படகின் அடிப்பகுதி ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் குறுகுவதால், நேர்கோட்டுப் பெட்டிகளைப் போட்டால் பழைய கொள்ளளவில் பாதிகூடத் தேறவில்லை. அதனால்தான் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும் பை.

இனி வேலை. பழைய தொட்டியை முழுவதும் எடுத்துவிட்டுப் பையை நேரடியாகப் படகின் உடலில் கிடத்தலாமே என்று தோன்றும். அது கூடாது. 180 லிட்டர் நீர் என்றால் 180 கிலோ. கடல் கொந்தளிக்கும்போது அந்த எடை பக்கவாட்டில் மோதும். அதைத் தாங்க வேண்டியது பையின் துணி அல்ல, சுற்றியுள்ள சுவர். பழைய தொட்டியின் கூடு, நீர் கசிந்தாலும், சுவராக நிற்கும் வேலையை இன்னும் செய்யும். அது ஏற்கெனவே படகின் வடிவத்துக்குப் பொருந்தி, உறுதியாகக் கட்டப்பட்டும் இருக்கிறது. அடித்தகடு பொடிந்த இடங்களில் மட்டும், கடல்தரப் பிளைவுட்டை வெட்டி எபாக்ஸி பூசி உள்ளே படுக்கவைக்க வேண்டியிருந்தது.

மேல்தகட்டை வெட்டுவதற்கு கிரைண்டரை எடுக்காமல், நுண்பற்கள் உள்ள உலோக பிளேடு பூட்டிய ஜிக்சாவையே பயன்படுத்தினேன். கிரைண்டரின் பொறி மூடிய அறைக்குள் ஆபத்து. அதன் தூள் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் படிந்துகொள்ளும். எஃகுத் தொட்டியாக இருந்தால் அந்தத் தூள் பின்னர் துருப்புள்ளிகளாக மலர்ந்து வெள்ளைப் பரப்பையெல்லாம் கெடுத்துவிடும். வெட்டும்போது நான்கு ஓரங்களிலும் நான்கு விரல் அகலத்துக்குத் தகட்டை விட்டுவைப்பது நல்லது. முழுவதும் வெட்டிவிட்டால் பக்கச் சுவர்கள் தளர்ந்து வெளிப்புறம் வளையும். நடுவிலுள்ள தடுப்புத் தகடுகளை மட்டும் அடிவரை அகற்றியே ஆக வேண்டும். இதுதான் முழு வேலையிலும் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. வெல்டிங் செய்த அடிக்கட்டைகள் சிறு முட்களாக நின்றுகொண்டிருக்கும். அவற்றை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கை சிக்கும் இடத்தில் பையும் சிக்கும்.

உட்புறத்தை மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் தாளால் விரித்தேன். சாதாரண ஸ்பாஞ்சோ கம்பளமோ போட்டால், தொட்டியைக் கொன்ற அதே ஈரத்தை மறுபடி உள்ளே அழைத்தது போலாகும். வெட்டிய தகட்டின் விளிம்புகளில், நீளவாக்கில் கீறிய ஹோஸ் துண்டுகளைக் கவ்வவைத்தேன். கூட்டின் அடியில் இருந்த பழைய ஓட்டைகளை அடைக்கவில்லை. இன்னும் இரண்டைத் துளையிட்டும் விட்டேன். பையின் வெளிப்புறத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து வியர்க்கும். அந்த நீரும், ஒருநாள் பையே கசிந்தால் அந்த நீரும், தேங்காமல் அடிக்குழிக்குப் போய்க் கண்ணில் பட வேண்டும்.

இப்போது பொருளைப் பற்றி. வெளியே நைலான் நெசவுத் துணி, உள்ளே உணவுத்தர உறை என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஓரங்கள் சூட்டில் ஒட்டப்பட்டவை. ஒட்டின் அகலம் சீராகவும் மூலைகள் வளைவாகவும் இருப்பது நல்ல அறிகுறி, மூலைகள் கூர்மையாக உள்ள பைகளை நான் வாங்கமாட்டேன். நீர் புகும் வாய்க்கு 38 மில்லிமீட்டர் ஹோஸ், வெளியேறும் வாய்க்கு 13 மில்லிமீட்டர் ஹோஸ். இரண்டும் பிளாஸ்டிக் திருகு நட்டாலும் ரப்பர் வாஷராலும் இறுக்கப்படுகின்றன. பையின் உறை தரமாகவே உள்ளது, நட்டுகள்தாம் ஏமாற்றம். திருகுப் புரி மெல்லியது, இடுக்கியால் சற்று அதிகமாக இறுக்கினாலும் வழுக்கிவிடும், கையால் மட்டும் இறுக்கினால் முதல் சில நாள்களில் துளித்துளியாகச் சொட்டும். கையால் இறுக்கி, பையை நிரப்பி, நீரின் எடையில் வாஷர் படிந்த பிறகு மறுபடி கால் சுற்று இறுக்குவதே சரியாக வந்தது. கூடவே வந்த விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாற்று வாஷரும் பெட்டியில் இல்லை, கேட்டபோது முழு இணைப்புத் தொகுதியைத்தான் வாங்க வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னதும் எனக்கு எரிச்சலூட்டியது.

கொள்ளளவு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பெட்டியில் அச்சிட்டிருப்பது, பை தடையில்லாத சமதரையில் கிடந்து தலையணைபோல் உப்பும்போது கொள்ளும் அளவு. பெட்டிக்குள் வைத்தால் மூலைகள் நிரம்பாமல் போகும். மேலே உயர இடமில்லாவிட்டால் இன்னும் குறையும். உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்தும் பையை வாங்குவதும் தவறு. அப்போது துணி இழுபட்டு, எடையைச் சுவர் தாங்குவதற்குப் பதில் ஒட்டே தாங்கும். கூட்டின் நீள அகலங்களைவிடத் தாராளமாக, ஆனால் அடியில் மடிப்பு விழாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மடிப்பு விழுந்த இடமே முதலில் தேயும். உண்மையான அளவை அறிய, குழாயில் பொருத்தும் சிறு நீரோட்ட மீட்டரை வைத்து நிரப்பிப் பார்ப்பதே வழி.

நிரப்புவதில் இன்னோர் ஆபத்து மறைந்திருக்கிறது. மேல்தளத்தில் உள்ள நீர் நிரப்பும் வாய், பைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பை நிரம்பிய பின்னும் நீரை விட்டுக்கொண்டே இருந்தால் ஹோஸ் முழுவதும் நீர் நின்று, பைக்குள் 0.1 பார் அழுத்தம் ஏறும். கேட்கச் சிறிதாகத் தெரியும் இந்த அழுத்தம், பைக்கு மேலே கூட்டை மூடும், ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பலகையை ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான விசையாக மேல்நோக்கித் தள்ளும். திருகாணி போடாமல் வைத்த பலகை எழும்பிவிடும். திருகாணி போட்டிருந்தால் பையின் ஒட்டு அதைச் சுமக்கும். பழைய உலோகத் தொட்டியில் காற்றுக்குழாய் வழியாக நீர் பீச்சி எச்சரிக்கும். என் பையில் காற்றுக்குழாயே கிடையாது. அதனால் அளவு தெரிந்து, மெதுவாக, கொஞ்சம் குறைவாக நிரப்பும் பழக்கம் வேண்டும். துறைமுகக் குழாயை இறுக்கமாகச் செருகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பொருள் ஏற்றதல்ல.

காற்றுக்குழாய் இல்லாததில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. நீர் குறையக் குறையப் பையும் சுருங்குவதால், உள்ளே காற்றே இருக்காது. காற்று இல்லாவிட்டால் நீர் அலையடிக்க இடமில்லை. தடுப்புத் தகடுகளை வெட்டியெறிந்த பிறகும், படகு அலையில் உருளும்போது பழைய தொட்டியில் கேட்ட 'களக் களக்' ஓசை இப்போது இல்லை. படகு சாய்ந்து ஓடும்போது காற்றுக்குழாய் வழியாகக் கடல்நீர் உள்ளே வருவதும் நின்றுவிட்டது. பழைய அலுமினியத் தொட்டிகள் பலவற்றில் குளோரைடு இப்படியும் புகுந்திருக்கும். ஆனால் முதல்முறை நிரப்பும்போது பைக்குள் உள்ள காற்றை விரட்டியே ஆக வேண்டும். நீர் புகும் வாயைச் சற்று உயர்த்திப் பிடித்து, மறுமுனையிலிருந்து உள்ளங்கையால் பையை அழுத்திக்கொண்டே வந்தால், ஹோஸ் வழியாக ஏப்பம் விடுவதுபோல் காற்று வெளியேறும். செய்யாவிட்டால் பம்பு இருமிக்கொண்டே இருக்கும்.

சுவை, மணம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். புதிய பையிலிருந்து வரும் நீரில் பிளாஸ்டிக் மணம் இருக்கத்தான் செய்கிறது. வெறும் நீரில் தெளிவாகத் தெரியும், தேநீரில் தெரியாது. சமையல் சோடா கலந்த நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்திருந்து வடித்ததில் வெகுவாகக் குறைந்தது, முழுவதும் போகவில்லை. சமையல் மேடைக் குழாயில் கரி வடிகட்டி போட்ட பிறகுதான் மறந்துபோனது. தொற்றுநீக்கத்துக்கு வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச் போதும். சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் உள்ள பிளீச்சாக இருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். 180 லிட்டருக்கு 180 மில்லிலிட்டர். எல்லாக் குழாய்களிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, முழுவதும் வடித்து, நன்னீரால் அலச வேண்டும். வினிகரால் கழுவுபவர்கள் அதை வேறொரு நாளில் செய்ய வேண்டும். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும், மூடிய படகறையில் அது உயிருக்கே ஆபத்து. உலோகத் தொட்டியில் குளோரினை அதிகமாகப் போட்டால் தொட்டியே அரிக்குமே என்று முன்பெல்லாம் தயங்க வேண்டியிருந்தது. பையில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை, உள்ளே கையை விட முடியாது என்பதுதான். கெட்டித் தொட்டியில் 20 சென்டிமீட்டர் திறப்பு இருந்தால் தோள்வரை கையை விட்டுத் தேய்த்துவிடலாம். பையின் உட்புறத்தில் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் ஒருமுறை படிந்துவிட்டால், குளோரின் அதன் மேற்பகுதியைத்தான் தொடும். தொட்டி இருட்டில் இருப்பதால் பாசி பிடிக்காது என்பது மட்டும் ஆறுதல். நீரைத் தேங்கவிடாமல் அடிக்கடி மாற்றுவதும், வடிகட்டாத நீரை உள்ளே விடாமல் இருப்பதுமே தடுப்பு. படகை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் பையை வடித்து, இணைப்புகளைக் கழற்றி உலரவிடுவது நல்லது. ஆனால் நெகிழ்மம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் முழுவதும் உலர்வதே இல்லை.

இன்னும் சில சிறு தொல்லைகள் உண்டு. மிதவையோடு கூடிய அளவுமானி பைக்குள் வேலை செய்யாது. எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியாக எஞ்சும் ஒரு வாளி அளவு நீர் மடிப்புகளுக்குள் சிக்கிக்கொள்ளும். பம்பு இழுக்கும்போது பையின் மேலுறை வெளியேறும் வாயில் வந்து ஒட்டி அதை அடைத்துவிடுவதும் உண்டு. வெளியேறும் வாயைக் கூட்டின் மிகத் தாழ்ந்த பகுதியில், படகின் நடுக்கோட்டுக்கு அருகே வைத்தால் இந்த இரண்டும் ஓரளவு குறையும். பையிலிருந்து கிளம்பும் ஹோஸை உடனே அருகிலுள்ள பலகையில் கிளிப் போட்டுப் பிடிக்காவிட்டால், படகு அசையும்போதெல்லாம் ஹோஸ் அந்த இணைப்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். நட்டு தளர்வதற்கு அதுவே போதும்.

பலகையைத் திறந்து அவ்வப்போது பார்த்ததில், பக்கங்களில் தேய்மானம் எதுவும் இல்லை. வெட்டிய விளிம்புக்குக் கீழே ஒரு மூலையில் மட்டும் துணியின் நிறம் மங்கியிருந்தது. அங்கே ஃபோம் நழுவியிருந்தது. அதை ஒட்டிச் சரிசெய்த பிறகு மங்கல் பரவவில்லை. ஆயினும் இதை நிரந்தரத் தொட்டி என்று எண்ண எனக்குத் துணிவில்லை. பாய்த்துணி, கயிறு போலக் காலம் வந்தால் மாற்ற வேண்டிய பொருளாகவே வைத்திருக்கிறேன். நல்ல வேளையாக, பெட்டி தயாராகிவிட்ட பின் பையை மாற்றுவது ஒரு காலை வேலை.

கரையோரமாகப் பயணம் செய்பவர்கள், தொட்டியை வெளியே எடுக்க முடியாதவர்கள், ஒழுங்கற்ற வடிவில் தொட்டியிடம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கெட்டித் தொட்டி நுழையும் படகாக இருந்தால் அதையே போடலாம். நீண்ட கடற்பயணம் போகிறவர்கள் முழு நீரையும் ஒரே பையில் நம்பி வைக்கக்கூடாது. ஒட்டு பிரிந்தால் எல்லாம் அடிக்குழிக்குப் போய்விடும் என்பதால், கடைசித் தேவைக்கான நீரைத் தனிக் கேன்களில் கட்டிவைத்திருக்க வேண்டும். வாங்கும்போது குடிநீருக்கு ஏற்றது என்ற சான்றை எழுத்தில் கேட்டுப் பெறுவதோடு, நீர் புகும் வாய்க்கும் வெளியேறும் வாய்க்குமான மாற்று வாஷர்கள் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் வேறு நிறுவனத்தின் பையைப் பார்ப்பது நல்லது.